நான் சாகடித்த அண்ணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளிடம் மீன் கூடை இல்லை. அண்ணன் இறந்த பிறகு, இந்த இருபது வருஷத்துக்கும் மேலாக, கல்யாணத்திலோ சாவிலோ தவிர அவளைக் கூடை இல்லாமல் நான் பார்த்ததில்லை. பழவேற்காட்டில் காலையில் ஏலம் எடுத்து, திருப்பாலைவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானத்துக்கு மேல் குப்பத்துக்குத் திரும்புகிறவள். ஞாயிறுதான் நன்றாக விற்கிற நாள். அந்த நாளில் வெறுங்கையோடு அனுப்பம்பட்டு வரை வந்திருக்கிறாள் என்றால், ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"யாரு அண்ணி?" என்று கேட்டேன்.

"இன்னா யாரு?"

"யாரு செத்துட்டாங்க?"

"நான்தான்" என்றாள். "நீதானே என்ன சாவடிச்ச, பாப்பா. தெரியாத மாதிரி கேக்குற."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, சுருக்குப்பையில் இருந்து ஃபோனை எடுத்து நீட்டினாள்.

"இத்த போடு."

வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருந்தது. ஏரியில் சூரியன் இறங்குகிற ஒரு புகைப்படம். பின்னால் மெல்லிசாக வீணை. அதன் மேல் ஒரு பெண்ணின் குரல் கதை வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாக்கியம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் கதை.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் அனுப்பம்பட்டிலிருந்து ரயிலில் போய்வருகிறேன். பெண்கள் எழுதிய நவீனக் கதைகளில் வாழ்வு, சாவு, சமூகம் என்பது நான் நடத்தும் பாடத்தில் ஒரு பகுதி. என் ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான். அந்தக் கதைகளில் வரும் பெண்கள் கிணற்றில் குதிப்பார்கள், தீ வைத்துக்கொள்வார்கள், அல்லது ஜன்னலோரம் நின்று சாவைப் பற்றி யோசித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப்போவார்கள். சமூகம் பேசவே விடாத ஒரு பெண் கடைசியில் பேசுகிற சொல் சாவுதான் என்று என் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் அந்த இடத்தைச் சொல்லிப் பாராட்டினார்கள். வருஷா வருஷம் மாணவிகளும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

என் கதையும் அந்த மயக்கத்தில் எழுதியதுதான். கடலில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், நாற்பதாம் நாள் சாயங்காலம் தனியாக ஏரிக்குள் நடந்து போகிறாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறுகிறது. முந்தானை மட்டும் கொஞ்ச நேரம் மிதக்கிறது. கதை அங்கேயே முடிந்துவிடும். ஒரு சிறுபத்திரிகையில் வந்து, பிறகு ஒரு தொகுப்பிலும் சேர்ந்தது. எனக்கு எழுத்தாளர் என்று பெயர் கிடைத்ததே அந்த ஒரு கதையால்தான்.

பெயரை மாற்றியிருந்தேன். ஆனால் அண்ணியின் வலது காலில் திருக்கை மீன் முள் குத்தி ஆறிய தழும்பை மாற்றவில்லை. முகத்துவாரத்தில் அலை அடித்துப் படகு கவிழ்ந்ததை மாற்றவில்லை. மூன்று வயதுப் பெண் குழந்தையையும் மாற்றவில்லை. எங்கள் குப்பத்தில் யாரும் இலக்கியப் பத்திரிகை வாங்கிப் படிக்கப்போவதில்லை என்ற தைரியம். அந்தக் கதைக்கு ஒரு நாள் குரல் முளைக்கும், அது மீன் ஏலத்தில் ஒலிக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்.

"எல்லாரும் சேந்து கேட்டாங்க" என்றாள் அண்ணி. "பொன்னேரில படிக்கிற பொண்ணு ஒண்ணு அவங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டிருக்கு. அவ ஏலத்துல கொண்டாந்து வெச்சா. கால் தழும்பு வந்தவொடனே எல்லாம் என் காலப் பாத்தாங்க. ரெண்டு பேரு அழுதாங்க. என்ன நேரா பாத்துக்கினே அழுவுறாங்க பாப்பா. நான் எறா எட போட்டுக்கினு நிக்கிறேன்."

"மன்னிச்சிரு அண்ணி. உன்ன கேக்காம எழுதினது தப்பு."

"அதுக்கு வர்ல." ஃபோனை வாங்கி மறுபடி பைக்குள் வைத்துச் சுருக்கை இழுத்தாள். "என் பொண்ணு ஃபோன் பண்ணா. அவளும் கேட்டிருக்கா. 'நீ இல்லன்னு சொன்னியேம்மா, அத்தை நேர்ல பாத்தவங்களாச்சே, அவங்க பொய்யா எழுதுவாங்களா?'ன்னு கேக்குறா. நான் இன்னா சொல்றது?"

எனக்குப் புரியவில்லை. "எத்த இல்லன்னு சொன்ன?"

"நான் சாவப் போவல, பாப்பா."

தெருவில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள்.

அன்றைக்கு ஏரிக்கரையில் நின்று கத்தியது நான்தான். அப்போது பொன்னேரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் உள்ள மணல் திட்டில் இருக்கிறது. கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே பார்த்தால் ஏரி. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில்தான் அண்ணனின் படகு கவிழ்ந்தது. உடல் மறுநாள் கரை ஒதுங்கியது. கருமாதி முடிந்தது. அண்ணி மூன்று மாதம் வாசலைத் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணியும் குழந்தையும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியாக இருந்தார்கள். என் நைனா ஏற்கெனவே இறந்திருந்தார். அம்மா பாயை விட்டு எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தாள்.

அந்தச் சாயங்காலம் நான் பழவேற்காட்டிலிருந்து படகில் வந்து இறங்கி, ஏரிக்கரை ஓரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஆண்கள் எல்லோரும் கடல் பக்கம் இருந்தார்கள். ஏரிப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் ஒரு தலை தெரிந்தது. பின்னால் ஒரு சேலை முந்தானை மிதந்தது. மெதுவாக உள்ளே நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணி என்று தெரிந்ததும் புத்தகங்களைப் போட்டுவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. "அண்ணி சாவப் போறாங்க, ஓடியாங்க."

என் சித்தப்பாதான் முதலில் தண்ணீரில் இறங்கினார். அண்ணியின் தலைமுடியைப் பிடித்துக் கரை வரை இழுத்து வந்தார். அவள் பேசவில்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இது நான் பார்த்தது. இதைத்தான் எழுதினேன். அவள் திரும்பி வந்ததை மட்டும் விட்டுவிட்டேன், கதைக்கு அது தேவைப்படவில்லை.

"அப்புறம் எதுக்கு அண்ணி தண்ணில எறங்கின?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை இருபது வருஷத்துக்குப் பிறகுதான் கேட்கிறேன் என்பது கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நண்டு வலை எடுக்க."

"நண்டு வலையா?" என்றேன்.

"கருமாதி வரைக்கும் ஆளாளுக்கு சோறு கொண்டாந்தாங்க. அப்புறம் ஒருத்தரும் வர்ல. அவங்கவங்க பாடு. உங்கம்மாவ கேக்கலாம்னா அவங்களே படுத்துக்கினு கீறாங்க. நீ காலைல காலேஜுக்குப் போயிர்ற. வாசல தாண்டக்கூடாதுன்னு எனக்கு சொல்லியாச்சு. கொழந்தை நண்டு வேணும்னு அழுவுது. அவங்க நைனா இருந்தப்போ தெனம் நண்டு கொண்டாருவாரே, அந்த நாக்கு. வூட்ல அவரு நண்டு வலை மடிச்சு வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. ஒரு நாள் எல்லாரும் கடல் பக்கம் போனதும் எடுத்துக்கினு போயி, ரெண்டு கம்பு நட்டு கட்டிட்டு வந்துட்டேன். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போனா ஆறு நண்டு. பச்ச நண்டு, நல்ல சைசு."

"உனக்கு வலை கட்டத் தெரியுமா?"

"கட்டறத தெனம் பாத்தா தெரியாதா? பத்து நாளா போனேன். அன்னிக்கு ஒரு கம்பு சாஞ்சி வலை உள்ள போயிருச்சு. அத்த புடிக்கத்தான் மாரளவு தண்ணிக்குப் போனேன். நீ கத்தின. கைல இருந்தத வுட்டுட்டேன்."

அவள் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நீயும்தான் தின்ன" என்றாள்.

"எத்த?"

"நண்டுக் கொழம்பு. காலேஜ்ல இருந்து வந்து எங்க வூட்ல உக்காந்து தின்னியே. ஏது அண்ணி நண்டுன்னு கேட்ட. பக்கத்து வூட்ல குடுத்தாங்கன்னு சொன்னேன்."

தின்றிருந்தேன். அந்தக் குழம்பின் ருசி அவள் சொன்னதும் என் வாயில் வந்தது. பசியோடு வந்து, சோற்றைக் குழைத்து, நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சியது நினைவுக்கு வந்தது. யார் கொடுத்தார்கள், ஏன் தினமும் கொடுக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறையில் தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றேன். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

"இன்னான்னு சொல்றது? புருஷன் செத்து நாப்பது நாள் கூட ஆவல, வாசல தாண்டி, அவன் வலைய எடுத்து, பொம்பள ஒருத்தி ஏரில எறங்கி நண்டு புடிச்சேன்னு சொல்றதா? ஊரு இன்னா பண்ணும் என்ன? சாவப் போனவன்னா அழுவாங்க. கட்டிப்புடிச்சுக்குவாங்க. நீயே கட்டிப்புடிச்சியே. புருஷன் பின்னாடியே போவப் பாத்தாளேன்னு எல்லாரும் கும்பிடாத கொறையா பேசுறாங்க. நான் வாய மூடிக்கினேன். ரெண்டு நாள்ல அடங்கிப் போயிரும்னு நெனச்சேன்."

அது அடங்கவில்லை. அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான், அண்ணியைக் காவல் காப்பதற்காக. இரவில் தன் முந்தானையை அண்ணியின் கையில் முடிந்துகொண்டு படுப்பாள். அண்ணி வீட்டில் இருந்த கயிறு, அரிவாள்மணை எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. அண்ணி கழிப்பறைக்குப் போனால் வெளியே யாராவது நிற்போம், நானும் நின்றிருக்கிறேன். ஒரு வாரத்தில் அண்ணியின் தம்பி ஏரிக்கு வடக்கே இருக்கும் அவர்கள் ஊரிலிருந்து வந்தார். தெலுங்கிலும் தமிழிலுமாக அம்மாவிடம் பேசினார். அடுத்த முறை குழந்தையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று சொல்லி, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அதுதான் நல்லது என்று நானும் நினைத்தேன்.

"அப்போ சொன்னேன்" என்றாள் அண்ணி. "கொழந்தையத் தூக்கும்போது தெருவுல நின்னு கத்தினேன். நான் சாவப் போவல, நண்டு புடிக்கப் போனேன்னு. உனக்கு ஞாபகம் இல்ல?"

இருந்தது. அவள் நண்டு, நண்டு என்று கத்தியது நினைவிருந்தது. புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சித்தப்பா அவளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். என் கதையில் அந்த நண்டைக்கூடப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கலங்கிய மனதில் நண்டுகள் ஊர்ந்துபோவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

"இப்ப நான் இன்னா செய்யணும், சொல்லு" என்றேன்.

"எளாவூருக்கு வா. அவகிட்ட உன் வாயால சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா."

அடுத்த வியாழக்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டேன். பொன்னேரி ரயில் நிலையத்தில் அண்ணி காத்திருந்தாள். நல்ல சேலை கட்டி, தலை வாரி, பையில் பேரனுக்கு பிஸ்கட் வைத்திருந்தாள். சூலூர்பேட்டை ரயிலில் ஏறி எளாவூரில் இறங்கினோம். வழி முழுக்க அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான். "அவளுக்கு ரெண்டு மணிக்கு கம்பெனி பஸ்ஸு. அதுக்குள்ள சொல்லி முடிச்சிரு."

என் அண்ணன் மகள் சோதனைச்சாவடிக்குப் போகும் சாலையில் ஒரு சந்துக்குள் குடியிருக்கிறாள். ஒரு அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார். அவள் ஒரு தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறாள். எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டாள். டீ போட்டாள். இரண்டு வயதுப் பையன் தரையில் ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்குக் கத்தியது நான்தான் என்று சொன்னேன். உன் அம்மா சாகப் போகிறாள் என்று நானாக முடிவு பண்ணிக் கத்தினேன், அதற்கு முன்னும் பின்னும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஊர் நம்பியது என் வாய்ச்சொல்லைத்தான். அவள் போனது வலை எடுக்க. நீ நண்டு கேட்டு அழுததால் பத்து நாளாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்த நண்டை நானும் தின்றேன். கதையில் எழுதியது பொய். இவ்வளவும் சொன்னேன்.

அவள் டீ டம்ளரைக் கையில் வைத்தபடியே கேட்டாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"எங்க மாமா வூட்ல அம்மா என்ன பாக்க வரும். வந்தா எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல யாராவது உக்காந்துக்குவாங்க. மடில உக்காரலாம்னு போனா இழுத்துக்குவாங்க. எதுக்குன்னு நான் கேட்டேன். உங்கம்மா உன்ன வுட்டுட்டு சாவப் போனவ, உன்னையும் கூட்டிக்கினு போயிருவான்னு சொன்னாங்க. எனக்கு அப்போ அஞ்சு வயசு இருக்கும் அத்தே. அப்புறம் அம்மா வந்தா நானே கட்டிலுக்கு அடில போயி ஒளிஞ்சுக்குவேன்."

"தெரியும்" என்றாள் அண்ணி. "காலு தெரியும் வெளிய."

அது எனக்குத் தெரியாது. அவள் மாதம் ஒருமுறை மகளைப் பார்க்க வடக்கே போய்வருவாள் என்பது மட்டும் தெரியும். கட்டிலுக்கு அடியில் தெரிகிற காலைப் பார்த்துவிட்டுப் படகேறித் திரும்பியிருக்கிறாள் என்பது தெரியாது.

"இவன் பொறந்தப்போ ஒத்தாசைக்கு வந்து ஒரு மாசம் இருந்துச்சு" என்று மகள் தொடர்ந்தாள். "ஒரு நாள் கூட அம்மாகிட்ட இவன தனியா வுடல. குளிக்கப் போனா கூட பக்கத்து வூட்டு அக்காவ கூப்டு உக்கார வெச்சிட்டுத்தான் போவேன்."

"அதுவும் தெரியும்" என்றாள் அண்ணி.

அந்தக் குரலில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. மகள் அழுவாள், அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள். உலை வைத்தாள். சமையலறையில் இருந்தபடியே, "அன்னிக்கு வலைல நண்டு இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

"பாக்கலியே. அதுக்குள்ள இழுத்துக்கினு வந்துட்டாங்க."

மகள் சோறு வடித்து, எங்களுக்குப் போட்டு, தானும் நின்றபடியே சாப்பிட்டாள். ஒன்றே முக்காலுக்குக் கம்பெனிச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்தாள். வழக்கமாகப் பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவாளாம். அன்றைக்கு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து அண்ணியின் மடியில் உட்கார வைத்தாள்.

"சாயங்காலம் அவரு வந்துருவாரு. அதுவரைக்கும் பாத்துக்க" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, என்னிடம், "நீயும் இருப்பல்ல, அத்தே?" என்று கேட்டாள்.

"இருக்கேன்" என்றேன்.

நான் சொன்னதை அவள் நம்பினாள். நம்பிய பிறகும் இருபது வருஷத்துப் பயம் போகவில்லை. ஒரு நிமிஷத்தில் நான் கத்தியது அது. அண்ணி பையனின் தலையைத் தடவிக்கொண்டே, "நீ இருக்கவேண்டியதுதான். இன்னா அவசரம்" என்றாள். மாப்பிள்ளை வரும்வரை நான் அங்கேயே இருந்தேன். பையன் தூங்கியதும் அவனைக் கீழே விடாமல் மடியிலேயே வைத்திருந்தாள். கால் மரத்துப்போயிற்று என்று சொன்னாளே தவிர இறக்கவில்லை.

திரும்பும் ரயிலில், நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. யாரு பேரும் போடாத" என்றாள். பிறகு, "ஊர்ல நீயே சொல்லிரு. இந்தப் பொய்யோட இருந்தது எனக்கும் போதும்" என்றாள்.

அண்ணனுக்கு அந்த மாதக் கடைசியில் திதி வந்தது. அண்ணி வீட்டில் படையல். சித்தப்பாவும் சின்னம்மாவும் வந்திருந்தார்கள், இன்னும் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். மகளும் பையனோடு எளாவூரிலிருந்து வந்திருந்தாள். என் கதையைப் பற்றிப் பேச்சு வந்தது. நன்றாக எழுதியிருப்பதாகச் சின்னம்மா சொன்னாள். அதுதான் சமயம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அண்ணி சாகப் போகவில்லை, குழந்தைக்கு நண்டு பிடிக்கப் போனாள், நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு தாயையும் பிள்ளையையும் பிரித்துவிட்டோம் என்றேன். சொன்னதும் அவர்கள் தலை குனிவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். நான் படித்த படிப்பெல்லாம் என்னை அப்படித்தான் எதிர்பார்க்க வைத்திருந்தது.

சின்னம்மா அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். "கருமாதி ஈரம் கூட காயல. அதுக்குள்ள வலை கட்டினியா நீ?"

அண்ணி இலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷமா உன்ன எவ்ளோ மதிச்சோம்" என்றாள் சின்னம்மா. "புருஷன் கூடவே போவப் பாத்தவன்னுதானே நீ பஸ் ஏறிப் போயி மீன் வித்தப்போ கூட ஒருத்தரும் ஒரு பேச்சு பேசல. எல்லாம் பொய்யா?"

சித்தப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணியின் முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியதாக வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். "சாவப் போறவளத்தான் காப்பாத்தினேன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். சாப்பிடாமல் வெளியே போனார். அவர் பின்னாலேயே சின்னம்மாவும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

அண்ணி உயிரோடு இருந்ததற்காக, உயிரோடு இருக்க ஆசைப்பட்டதற்காக, ஒரு வீட்டு ஜனம் எழுந்து போகிறது. நான் எழுதிய சாவை ஏலத்தில் கேட்டு அழுதவர்களும் அதில் இருந்தார்கள்.

அப்போது மகள்தான் வாசலுக்குப் போனாள். சின்னம்மாவின் முதுகைப் பார்த்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி, "நண்டு கேட்டது நான். எனக்குத்தான் பசிச்சுது. எதுனா கேக்கணும்னா என்ன கேளுங்க" என்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணி இலையைப் போட்டாள். மீதி இருந்தது நாங்கள் மூன்று பேரும் பையனும்தான். படைத்த சோறும் குழம்பும் ஏகமாக மிஞ்சின. ஏரி ஓரமாகக் குடியிருக்கும், கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அண்ணி பாத்திரத்தை எடுத்தாள். மகள் அதன் இன்னொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மணலில் மெதுவாகப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஏலத்தில் சிலர் அண்ணியோடு பேசுவதில்லை. நல்ல மீனை அவளுக்கு முன்னால் தட்டிப் பறிக்கிறார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குப் போகிறதாகவும், மகள் ஒரு வாரம் தங்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். கூட யாரும் வரவேண்டாம், அம்மா மட்டும் வந்தால் போதும் என்று மகளே சொன்னாளாம்.